கேஸ் காரும் இரண்டு தாய்மாமன்களும்

எங்கள் கார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. என் கணவரால் பொறுத்துக்கொள்ள முடியாத விஷயம் அது ஒன்றுதான்.

பழைய பெட்ரோல் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சாவியைத் திருகினால் கிளம்பும், பிரேக்கை மிதித்தால் நிற்கும். அதற்கு மேல் ஒரு காரிடம் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. என் கணவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஷிப்பிங் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அங்கே எதிர் மேசையில் இருப்பவர் தன்னுடைய காரை கேஸுக்கு மாற்றியிருக்கிறார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

“ஏளா, நாம வண்டிக்குப் பெட்ரோலு ஊத்தல. நம்ம ரத்தத்த ஊத்திக்கிட்டு இருக்கோம்.”

“முதல்ல சாப்பிடுங்க. ரத்தம் ஊறட்டும்” என்றேன்.

அதன்பின் வீட்டில் வேறு பேச்சே இல்லை. போனில் எந்நேரமும் யாராவது ஒருவர் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாங்கள் கார் ஓட்டுகிற லட்சணத்துக்கு, மாற்றும் செலவு மிச்சமாகித் திரும்பி வர எவ்வளவு காலம் பிடிக்கும் என்று மனதுக்குள்ளேயே போட்டுப் பார்த்தேன். கார் அதுவரை உயிரோடு இருக்காது என்று விடை வந்தது. அவரிடம் சொன்னேன்.

“உனக்குக் கணக்குதான் தெரியும். வண்டி தெரியாது” என்றார். அவருக்கு இரண்டும் தெரியாது என்பதால் பேச்சு அத்தோடு முடிந்தது.

தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில், திருநெல்வேலி ரோட்டின் மேலேயே இருந்தது அந்த ஒர்க்‌ஷாப். மெக்கானிக்குக்கு வாய் ஓயவே இல்லை. “அண்ணாச்சி, மாத்துனது வண்டிக்கே தெரியாது பாத்துக்கிடுங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கேஸ் டாங்க்கைக் காட்டினார். நடுவில் ஓட்டையோடு ராட்சச மெதுவடை மாதிரி இருந்தது. டிக்கியின் அடியில் ஸ்டெப்னி டயர் உட்கார்ந்திருக்கும் குழியில் அதை வைக்க வேண்டுமாம். கன கச்சிதமாகப் பொருந்துமாம்.

“அப்ப ஸ்டெப்னிய எங்கன வைக்க?” என்று நான் கேட்டேன்.

மெக்கானிக் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். “அது சும்மா டிக்கியில ஒரு ஓரமா கெடக்கட்டும், அண்ணாச்சி.”

அப்படியாக கேஸுக்கு வீடு கிடைத்தது, ஸ்டெப்னி அகதியானது. ஒரு கைக்குழந்தையின் அகலத்துக்கு டிக்கியில் இடம் மிஞ்சியது. ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்டினோம். ஆய்வாளர் குனிந்து, இளநீர் முற்றிவிட்டதா என்று பார்ப்பதைப் போல டாங்க்கை விரலால் தட்டிப் பார்த்தார். ஆர்.சி. புத்தகத்தில் எங்கள் கார் இரண்டு எரிபொருளில் ஓடும் என்று பதிவானது. என் கணவர் அதைப் பட்டமளிப்பு விழாவில் வாங்கியதைப் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மாற்றியது வண்டிக்குத் தெரிந்திருந்தது. பாலத்தில் ஏறும்போதெல்லாம் நின்று யோசித்தது. பெட்ரோலில் கிளம்பி, எஞ்சின் சூடானதும் தானாக கேஸுக்கு மாறும். மாறும்போது லேசாக ஒரு விக்கல். ஒவ்வொரு விக்கலுக்கும் என் கணவர், “மாறிட்டு” என்பார். நான் “சரி” என்பேன். சொல்லாவிட்டால் மறுபடியும் சொல்வார்.

கேஸ் போடும் பங்க் ஊருக்கு வெளியே பைபாஸில் இருந்தது. ஆட்டோக்களின் வரிசையில் நின்று நம் முறை வரும்போது ஸ்டாக் இல்லை என்பார்கள். அவ்வளவு தூரம் போய் வருவதில் கேஸ் வீணாகக்கூடாதே என்று, என் கணவர் ஸ்விட்சைத் தட்டிப் பெட்ரோலில் ஓட்டிக்கொண்டு போவார். கேஸை மிச்சம்பிடிக்க நாங்கள் எரித்த பெட்ரோலைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. எனக்குத்தான் வண்டி தெரியாதே.

எதிர்வீட்டு அண்ணாச்சி துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். எங்கள் கார் கேஸானது தெரிந்ததும் நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக மறுகோடிக்கு நகர்ந்தது. ஒருநாள் என் கணவரை நிறுத்திக் கேட்டார்.

“தம்பி, இது வெடிச்சா எந்தப் பக்கமா வெடிக்கும்?”

“வெடிக்கவே வெடிக்காது, அண்ணாச்சி. வால்வு இருக்கு.”

“சரி. அந்த வால்வு எந்தப் பக்கமா இருக்கு?”

இப்படி நாங்கள் தெருவுக்கே அச்சமூட்டி வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான் மதினி மகனுக்குக் கல்யாணம் கூடி வந்தது.

மதினி என்றால் என் கணவரின் அக்கா. மகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே கணவரைப் பறிகொடுத்தவள். புருஷன் வீட்டுச் சொந்தங்கள் துக்கம் கேட்க வந்ததோடு சரி, அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கருப்பட்டியும் பலசரக்கும் விற்கும் கடையைத் தானே எடுத்து நடத்தி மகனைப் படிக்கவைத்தாள். அவன் இப்போது கப்பலில் எஞ்சினியர். பெண் எட்டயபுரம். பெண்ணின் அப்பா அங்கே வத்தல் மண்டி வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு ஊரைக் கூட்டிக்கொள்ளலாம், நிச்சயம் வீட்டளவில் போதும் என்று பேச்சு. மாப்பிள்ளை நடுக்கடலில் இருந்ததால் வீடியோ காலில் வருவான். எங்கள் பக்கம் மதினியும் நாங்கள் இருவரும் மட்டும்.

மாப்பிள்ளைக்கு அப்பா இல்லாத இடத்தில் தாய்மாமன் நின்று தட்டு மாற்ற வேண்டும். மதினிக்கு அதில்தான் உயிர். தாலியறுத்தவள் தட்டைத் தொட்டால் யாராவது முகம் சுளிப்பார்கள் என்ற பயம் அவளுக்கு. வாயால் சொல்லவில்லை. “தம்பி முன்னால நிப்பான், நான் பின்னால நின்னுக்கிடுதேன்” என்று மட்டும் பல தடவை சொன்னாள். பெண் பார்க்கப் போன அன்று கப்பல் வந்துவிட்டதென்று என் கணவர் வந்திருக்கவில்லை. அதற்கும் சேர்த்து இந்த முறை புது வேட்டி சட்டை எடுத்திருந்தார். கண்ணாடி முன்னால் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு நின்று பார்த்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்று வெள்ளிக்கிழமை. மதினி காலையிலேயே தட்டுகளோடு வந்துவிட்டாள். பழத்தட்டு, பூத்தட்டு, கற்கண்டுத் தட்டு, பெண்ணுக்கான பட்டுச்சேலைத் தட்டு. டிக்கியைத் திறந்தார் என் கணவர். உள்ளே ஸ்டெப்னி படுத்திருந்தது.

“ஏலே, பட்டுச்சேல பக்கத்துல டயரையா வச்சிருக்க? ரப்பர் நாத்தம் அடிக்கி. எடுத்து அங்கிட்டுப் போடு.”

“அக்கா, அது ஸ்டெப்னி.”

“எந்த ‘னி’யா வேணாலும் இருக்கட்டும். எடு.”

அவர் அதை உருட்டிக்கொண்டுபோய் மாடிப்படிக்குக் கீழே சாய்த்துவைத்தார். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறோமே என்று மதினி காருக்கு முன்னால் சூடம் ஏற்றப் போனாள். என் கணவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். கேஸ் வண்டிக்கு முன்னால் நெருப்பு காட்டக்கூடாதாம். கடைசியில் எலுமிச்சம்பழத்தை மட்டும் டயருக்கு அடியில் வைத்து ஏற்றி நசுக்கிவிட்டுக் கிளம்பினோம்.

உப்பளங்களைத் தாண்டி மதுரை ரோட்டில் போகும்போது என் கணவர் உற்சாகமாகிவிட்டார்.

“அக்கா, இப்ப நாம கேஸ்லதான் போய்க்கிட்டு இருக்கோம். உனக்குத் தெரியுதா?”

“தெரியுது. நாத்தம் வருது.”

குறுக்குச்சாலை என்ற ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் கரிசல் காடு தவிர ஒன்றுமில்லாத இடத்தில் டமார் என்று சத்தம் கேட்டது. மதினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு “வெடிச்சிட்டு, வெடிச்சிட்டு” என்றாள். கேஸ் வெடிக்கவில்லை. அது பாவம், தன் குழியில் சமர்த்தாக இருந்தது. ரோட்டில் கிடந்த ஏதோ லாரிக் கம்பி பின்பக்க டயரைப் பக்கவாட்டில் கிழித்திருந்தது. பஞ்சர் ஒட்டுகிற கிழிசல் இல்லை.

என் கணவர் பழக்கதோஷத்தில் டிக்கியைத் திறந்தார். பட்டுச்சேலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினார். ஸ்டெப்னியை எடுக்கச் சொன்னது யார் என்பதைப் பற்றி அங்கே யாரும் எதுவும் பேசவில்லை. எதிர்வீட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டு, மாடிப்படி அடியில் கிடக்கும் டயரை யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னார். “நானே ஸ்கூட்டர்ல கொண்டுவாரேன். வண்டி அங்கனயே நிக்கட்டும், அவசரமில்ல” என்றார் அவர். எங்கள் கார் ஊரைவிட்டு அவ்வளவு தூரத்தில் நிற்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

நல்ல நேரம் முடிவதற்குள் டயர் வராது. நிற்கும் பஸ் எதுவும் அந்த வழியில் இல்லை. பெண் வீட்டுக்குப் போன் பண்ணிக் கார் அனுப்பச் சொல்லலாம் என்றேன்.

“முத நாளே அவுககிட்டப் போய் கையேந்தச் சொல்லுதியா?” என்றாள் மதினி. குரல் உடைந்திருந்தது. ரோட்டோரம் வேலமரத்து அடியில் பட்டுச்சேலையோடு போய் நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள்.

என் கணவர் ரோட்டில் இறங்கி, போகிற வருகிற எல்லாவற்றுக்கும் கை காட்டினார். ஒன்றே ஒன்று நின்றது. தருவைகுளத்திலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றிப்போகும் வேன்.

மதினி வெள்ளிக்கிழமைகளில் மீன் என்ற சொல்லைக்கூடச் சொல்ல மாட்டாள். வேனின் பின்பக்கத்திலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டிரைவருக்கு என் கணவர் வயதுதான் இருக்கும். கழுத்தில் சிலுவை போட்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கைலி. விஷயத்தைக் கேட்டதும், “முன்னால ரெண்டு பேரு உக்காரலாம். ஏறுங்க, ஏறுங்க, நேரம் போவுது” என்றார்.

“அக்கா, நீங்க முன்னால போங்க. நான் பின்னாலயே வந்துருதேன்” என்றார் என் கணவர்.

மதினி அவரை ஒரு பார்வை பார்த்தாள். “எதுல, கேஸ்லயா?”

நான் நடுவில், மதினி ஜன்னல் ஓரம். தட்டுகள் மடியில். சேலைத் தட்டுக்கு மட்டும் இடமில்லாமல் டிரைவர் அதை வாங்கி முன்பக்கம் மாதா சிலைக்குக் கீழே பத்திரமாக வைத்தார். மதினி முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். நாற்றத்துக்காக என்று நினைத்தேன். தோள் குலுங்கியபோதுதான் அழுகிறாள் என்று தெரிந்தது.

“அழாதிய அக்கா. நல்ல காரியத்துக்குப் போறிய” என்றார் டிரைவர்.

“அவன் அப்பா இருந்தா இப்படி நடுரோட்டுல நிப்பமா? தட்டு வாங்க ஒரு ஆம்பளையில்லாம நான் மட்டும் போய் அங்கன என்னன்னு நிப்பேன்?”

“எனக்கு அக்கா தங்கச்சிமாரு மட்டும்தான். அத்தன பேருக்கும் தட்டு தூக்குனது நாந்தான். அதெல்லாம் நல்லபடியா நடக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அது டீசல் வேன். எந்தப் பாலத்திலும் யோசிக்கவில்லை.

எட்டயபுரத்தில் பெண் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். மீன் வேன் பந்தலுக்கு முன்னால் வந்து நின்றதும், “ஏலே, மீன் யாரு கொண்டாரச் சொன்னா, இன்னைக்கு வெள்ளிக்கெழம” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அப்புறம் நாங்கள் இறங்கினோம்.

எங்கள் கைகள் நிறைந்திருந்ததால் சேலைத் தட்டையும் பூத்தட்டையும் டிரைவர் தூக்கிக்கொண்டு கூட வந்தார். தட்டு தூக்கிப் பழகியவர் என்பதால் நடை கம்பீரமாக இருந்தது. பெண்ணின் அப்பா ஒரே எட்டில் அவரிடம் போய், “வாங்க, தாய்மாமன் வாங்க” என்று நெற்றியில் சந்தனத்தை அப்பினார். ஒரு பெண் பன்னீர் தெளித்தாள். பன்னீர் அவ்வளவு அவசியமான ஓர் இடத்தில் விழுந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மதினி வாயைத் திறந்தாள். அதற்குள் ஐயர், “நல்ல நேரம் முடியப்போறது, சீக்கிரம் உக்காருங்கோ” என்று அவசரப்படுத்தினார். எல்லோரையும் ஜமுக்காளத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். டிரைவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

“தங்கச்சி, இங்கன என்ன நடக்கு?”

“நீங்க மாப்பிள்ளைக்கு மாமா ஆயிட்டீங்க.”

“ஐஸு உருகிருமே, தங்கச்சி.”

மதினி அவரைப் பார்த்தாள். அவள் கடையில் கடன் கேட்டு வருகிறவர்கள் அவளைப் பார்க்கிற மாதிரியான பார்வை. அவர் கைலியை இழுத்துவிட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நடுக்கடலிலிருந்து மாப்பிள்ளையும் போனில் வந்துவிட்டான். பெண்ணின் தம்பி போனைச் சபை முழுக்கச் சுற்றிக் காட்டினான்.

“அம்மா, உன் பக்கத்துல அது யாரு?”

“மாமாடா” என்றாள் மதினி.

“எந்த மாமா?”

நெட்வொர்க் அறுந்தது. நடுக்கடலில் நெட்வொர்க் இல்லாததைக் குறை சொல்பவர்களை இன்றுவரை நான் ஆதரிப்பதில்லை.

ஐயர் முகூர்த்த ஓலையை வாசித்துவிட்டு, “மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் எழுந்து தட்டு வாங்கிக்கோங்கோ” என்றார். பெண்ணின் அப்பா தட்டை நீட்டினார். டிரைவர் எழுந்து நின்றார். கையை நீட்டி, பாதியிலேயே நிறுத்தினார். மதினியின் பக்கம் திரும்பி, அவளுக்கும் எனக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“நான் ஒத்தையில வாங்குனா பொய்யாயிரும், அக்கா. நீங்களும் ஒரு கை புடிங்க.”

மதினி தயங்கினாள். சபையைச் சுற்றிப் பார்த்தாள். அவர் கையை அதற்குமேல் நீட்டாமல் நின்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது. மதினி எழுந்து வந்து தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கத்தை அவர் பிடித்தார். தட்டு லேசாகச் சாய்ந்ததில் அதிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு ஓரத்தில் நின்றது. அவர் அதைப் பெருவிரலால் தள்ளி நடுவுக்குக் கொண்டுவந்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. குலவை போட்டார்கள். அன்று முழுவதிலும் கேலி செய்ய எனக்கு ஒன்றுமே தோன்றாத நேரம் அதுதான். சீக்கிரமே சரியாகிவிட்டது.

காரணம், பந்தி நடக்கும்போது என் கணவர் வந்து சேர்ந்தார். புது வேட்டியில் கிரீஸ், சட்டையில் கரிசல் மண், கையில் வீல் ஸ்பேனர். அதை எதற்குக் கொண்டுவந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பெண்ணின் அப்பா அவரை அன்போடு வரவேற்றார்.

“டிரைவர் தம்பியா? வா, வா. கையக் கழுவிட்டு அந்தக் கடைசி இலையில உக்காரு.”

முதல் இலையில் சந்தனப் பொட்டோடு பாயசம் குடித்துக்கொண்டிருந்த உண்மையான டிரைவர், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டார். மதினியும் எழுந்தாள்.

“அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இதுதான் என் தம்பி.”

“அப்ப இது?”

“நான் தருவைகுளம், அண்ணாச்சி. மீன் வண்டி” என்றார் டிரைவர்.

மதினி நடந்ததையெல்லாம் சொன்னாள். டயர் கிழிந்தது, அவர் வண்டியை நிறுத்தியது, நேரம் போனது எல்லாவற்றையும் சொன்னாள். பெண்ணின் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. “அப்ப தட்டு மாத்துனது செல்லுமா?” என்று ஐயரைக் கேட்டாள். ஐயர் சாம்பார் ஊற்றிய இலையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். சாப்பாடு ஆறுவதற்குள் சாஸ்திரத்தில் இடம் கண்டுபிடிக்க வேண்டிய நிலைமை அவருக்கு.

அப்போது பெண் பேசினாள். அதுவரை தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தவள். “தட்ட அத்தைதான வாங்குனாக. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்” என்றாள். “அது செல்லாம எது செல்லும்?”

ஐயர் தலையாட்டிவிட்டுச் சாதத்தைப் பிசைந்தார். பெண்ணின் அப்பா மதினியைப் பார்த்தார். அப்புறம் மீன்காரரைப் பார்த்தார். அப்புறம், என்னவோ அவரே முன்கூட்டி ஏற்பாடு செய்ததைப் போல, “அப்ப நம்ம மாப்பிள்ளைக்கு மாமா ரெண்டு பேரு” என்று சொல்லிவிட்டு, என் கணவருக்கு முதல் பந்தியில் இலை போடச் சொன்னார். மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். டிரைவர் கை கழுவிவிட்டு, எல்லோரையும் கும்பிட்டு, உருகிக்கொண்டிருந்த ஐஸை நோக்கி ஓடினார். அவர் போன் நம்பரை மதினி ஓடிப்போய் வாங்கிவைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். கேஸுக்கு மாறியபோது கார் விக்கியது. என் கணவர் “மாறிட்டு” என்று சொல்லவில்லை. நானும் “சரி” சொல்லவில்லை.

கேஸைக் கழற்றிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு, காரின் கூரைமேல் ஒரு கேரியர் வாங்கி மாட்டி, ஸ்டெப்னியை அதில் கட்டிவைத்தார். இப்போது எங்கள் கார் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிற மாதிரி இருக்கிறது. மதினி அதில் ஏறுவதே இல்லை. பஸ்ஸில் வருகிறாள்.

கல்யாணம் தூத்துக்குடியில் நடந்தது. மாப்பிள்ளை கப்பலிலிருந்து இறங்கி வந்ததும், முதல் வேலையாக மதினி அவனைத் தருவைகுளத்துக்கு அழைத்துப்போய்ப் பத்திரிகை வைக்கவைத்தாள். மீன்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு கல்யாணத்துக்கு வந்திருந்தார். கைலி இல்லை, பட்டு வேட்டி. பெண்ணின் அப்பா தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவரை “பெரிய மாமா” என்று அறிமுகப்படுத்தினார். அடுத்து என் கணவரைக் காட்டி, “இவரு சின்ன மாமா” என்றார். சின்ன மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் இரண்டு மாமாக்களையும் காணவில்லை. தேடிப்போனால் மண்டபத்து வாசலில், எங்கள் காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு என் கணவர் பேசிக்கொண்டிருந்தார். மீன்காரர் வெற்றிலையை மென்றபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உங்க வேனையும் மாத்திருங்க, அண்ணாச்சி. மாத்துனது வண்டிக்கே தெரியாது.”

“அது டீசல் வண்டியில்லா, தம்பி. அத மாத்த முடியாதே.”

என் கணவர் டிக்கியை மூடினார்.

“விசாரிச்சுச் சொல்லுதேன்” என்றார்.